யார் பார்த்த வேலை

மன்னார்புரத்தில் ரோடு பிரிகிற இடத்தில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த சவரிநாதனுக்கு ஒரு விநோதமான வழக்கம். எதிரே இருக்கிறவர் இடது கையால் எதையாவது எடுத்தால், அது காபி டம்ளராக இருந்தாலும் சரி, பீடிக்கட்டாக இருந்தாலும் சரி, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். புதிதாகப் பார்க்கிறவர்கள், மனுஷனுக்கு என்ன இப்படி ஒரு மரியாதைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வார்கள். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவருடைய தம்பி பிலோமின்ராஜுக்கு இடது கைப் பழக்கம். அவன் வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது.

தம்பி என்று பேர்தானே தவிர, வளர்த்தது பிள்ளையாகத்தான். பதினெட்டாம் வருஷத்து விஷக் காய்ச்சல் அப்பாவையும் அம்மாவையும் ஒரே வாரத்தில் கொண்டுபோனபோது சவரிநாதனுக்கு இருபது வயது, பிலோமினுக்கு எட்டு. மறு வருஷம் அற்புதம்மாளைக் கல்யாணம் செய்து அழைத்துவந்தவர், வாசலிலேயே பையனை அவள் முன்னால் நிறுத்தி, இவன்தான் நமக்கு மூத்த பிள்ளை என்றார். அவளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வேறு பிள்ளை பிறக்கவுமில்லை. சோறு சாப்பிடுகிற கையை மட்டும் அடித்துத் திருத்தி வலது கைக்குக் கொண்டுவந்தாள். சுத்தியல் பிடிக்கிற கையை அவளாலும் மாற்ற முடியவில்லை.

சவரிநாதன் அப்போது ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். ரயில் சக்கரங்களின் பேரிங்குகளுக்கு ஒயிட் மெட்டல் ஊற்றுகிற வேலை. ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தபோது கூடவே வந்த குடும்பம். இருபத்தெட்டு ஸ்ட்ரைக்கில் வேலை போயிற்று. போனால் போகட்டும் என்று மன்னார்புரத்தில் கொட்டகை போட்டார். ரயில் போய் மோட்டார் வந்தது, அவ்வளவுதான், இரும்பு இரும்புதானே. சும்மா சொல்லக் கூடாது, பேரிங் வேலையில் அந்த ஜில்லாவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எந்த எஞ்சினாக இருந்தாலும் மேலே நாலு தட்டு தட்டிப் பார்த்து, நம்பர் வெட்டியிருக்கிற இடத்தைத் துடைத்துச் சாக்கட்டியைத் தேய்த்து, எழுத்து வெள்ளையாகத் தெரிந்ததும், இது இந்த வருஷத்துச் சரக்கு, இன்ன வண்டிக்கு வந்தது என்று சொல்லிவிடுவார். கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். அண்ணன் திட்டுவார், தம்பி சிரிப்பான், வேலை பாட்டுக்கு நடக்கும். எட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது.

ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. எஞ்சினின் அடிவயிற்றில் கிராங்கு என்று ஒரு கனத்த தண்டு சுழலுகிறது. அது உட்கார்ந்து சுழல்வதற்கு, செவர்லே எஞ்சினில், மூன்று இடம். ஒவ்வொன்றிலும் மேல் பாதி எஞ்சின் கட்டையோடு சேர்ந்தது. கீழ்ப் பாதி தனி மூடி, இரண்டு போல்ட்டுப் போட்டு இறுக்குவது. இரண்டு பாதியிலும் ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றி, கத்தியால் சுரண்டிச் சுரண்டி, தண்டு பிடிக்காமலும் ஆடாமலும் சுழலும்வரை படிய வைக்க வேண்டும். நாள் கணக்கில் ஆகிற வேலை. மூடியைக் கழற்றினால் திரும்ப அதே மூடியை அதே பக்கமாகத்தான் போட வேண்டும். திருப்பிப் போட்டாலும் போல்ட்டு உட்காரும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சுரண்டின பள்ளம் இம்மியளவு தள்ளிப்போயிருக்கும். அந்த இம்மி போதும், எஞ்சினைக் கொல்ல.

அதற்காகத்தான் குறி. மூடியின் ஓரத்தில் உளிமுனையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. முதல் மூடிக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று. குறி வைக்கிறது பெரியவர் வேலை, வேறு யாரும் உளியைத் தொடக் கூடாது என்பதுதான் ஷெட்டின் சட்டம். எஞ்சினுக்கு முன்னால் நின்று வலது கையால் தட்டுகிறவர், அதனால் அவருடைய புள்ளி எப்போதும் வலது ஓரத்தில் விழும். மூடும்போது புள்ளி வலது பக்கம் இருந்தால் சரி. இதை அவர் யாருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. குறி வைக்கிறவரும் மூடுகிறவரும் அவரேதான் என்கிறபோது சொல்லித்தான் ஆக வேண்டுமென்று ஏன் தோன்றப் போகிறது?

முப்பத்தாறில் ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதி வக்கீல் வீரராகவனுடைய செவர்லே வந்தது. ஐந்து வருஷம் ஓடின வண்டி, பேரிங் தேய்ந்து தடதடவென்று சத்தம். வக்கீலுக்கு அவசரம். மகள் வைஜயந்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், நிறைமாசம். ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எந்த நேரத்தில் கூட்டிவர வேண்டியிருக்குமோ என்று கவலை. அந்த வேலையைத்தான் சவரிநாதன் முதல் தடவையாக முழுக்கத் தம்பியிடம் விட்டார். உளியையும் சேர்த்து அவன் கையில் கொடுத்தார். பிலோமினுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் சுரண்டி, மூடியெல்லாம் போட்டு இறுக்கி, கிராங்கை ஒரு கையால் சுற்றிக் காட்டினான். வெண்ணெயாகச் சுற்றியது. பிறகு மூடிகளில் குறி வைத்து, சுரண்டின பொடியைக் கழுவுவதற்காகத் திரும்பக் கழற்றி, சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பிவிட்டு, புள்ளம்பாடியில் சினேகிதன் கல்யாணம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப் போனான். செவ்வாய்க்கிழமை வந்து மூடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் சவரிநாதனுக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமையே வண்டியை வாசலில் நிறுத்துகிறேன் என்று வக்கீலிடம் வாய் கொடுத்திருந்தார். மேலப்புதூர் கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஷெட்டுக்குப் போய், உள்ளே கொக்கி போட்டுக்கொண்டு தானே மூடினார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்பது கட்டளை. அதை மீறுகிறோமே என்பது ஒன்றுதான் அன்றைக்கு அவர் மனசில் உறுத்தியது. மூடிகளைப் புள்ளி வலது பக்கம் இருக்கும்படி பார்த்துப் பார்த்துப் போட்டார். கிராங்கு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. புதுப் பேரிங் அப்படித்தான் இருக்கும், ஓட ஓட விட்டுக்கொடுக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் வைஜயந்திக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே அக்கரைக்குக் கொண்டுபோங்கள் என்றாள் மருத்துவச்சி. காவேரிப் பாலத்தில் பாதி தூரம் வந்ததும் எஞ்சின் ஒரு முனகல் முனகி அப்படியே இறுகி நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தும் எஞ்சின் கிளம்பவில்லை. ஜட்கா பிடித்து வந்து, அதில் அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. பெரிய உயிர் தங்கியது. சின்ன உயிர் தங்கவில்லை. ஆண் குழந்தை.

மறுநாள் வக்கீல் ஷெட்டுக்கு வந்தார். பிலோமின் அப்போதுதான் கட்டியிழுத்து வந்திருந்த வண்டியின் பக்கத்தில் சுத்தியலும் கையுமாக நின்றான். வக்கீல் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குரலே எழும்பாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யார் பார்த்த வேலை இது, சவரி?"

"தம்பி பார்த்ததுங்க, சாமி."

முழுப் பொய் இல்லை பாருங்கள், அதுதான் அதில் இருந்த விஷம். ஊற்றினதும் சுரண்டினதும் தம்பிதானே? மூடுகிறது ஒரு வேலையா, சின்னப் பிள்ளைகூடச் செய்யுமே என்றுதான் அவர் நிஜமாகவே நினைத்தார். பிலோமின் அண்ணனைப் பார்த்து, நான் வச்சுட்டுப் போனப்ப ஒரு கையால சுத்திச்சுண்ணே என்று மெதுவாகச் சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். நீங்கதானே மூடினீங்க என்று ஒரு வார்த்தை வக்கீலுக்கு முன்னால் அவன் சொல்லவில்லை. சவரிநாதன் கை ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தார். இருபத்தாறு வயசு ஆம்பளையை, வாடிக்கைக்காரர் முன்னால், ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்க அறைந்தார். பிலோமின் சுத்தியலை அதன் இடத்தில் வைத்தான். கழிவுத் துணியால் இரண்டு கையையும் துடைத்தான். சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜங்ஷன் பக்கமாக நடந்து போனான். சாயங்காலம் வந்துவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு சவரிநாதன் அந்த எஞ்சினைப் பிரித்துப் புதிதாக மெட்டல் ஊற்றி, தானே சுரண்டி, பழைய குறி எந்தப் பக்கம் வந்தது என்றுகூடப் பாராமல் தன் குறியை ஓங்கித் தட்டி ஓட்டிக் கொடுத்தார். கெடுத்தவன் போய்விட்டானே, அதனால் வக்கீலும் வண்டியை வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வைஜயந்திக்கு அதன்பின் பிள்ளை தங்கவே இல்லை. அற்புதம்மாள் புருஷனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பூசை முடிந்து அவர் எங்கே போனார் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரும்பைத் தொட்டதற்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை இது என்றாள் ஒரு தடவை. அவரும் அதைத்தான் நம்பினார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், ஓய்வு நாளை மீறினேன் என்று சொல்லி அழுதார். சாமியார் ஜெபமாலை சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்தார். ஏழு வருஷமும் அந்த ஜெபமாலையை உருட்டினார், பாவம், வேறு ஏதோ ஒரு குற்றத்துக்காக.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று அற்புதம்மாள் இரண்டு மெழுகுவத்தி வாங்குவாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, பிலோமினுக்கும் ஒன்று ஏற்றிவிடேன், இருக்கிறானோ இல்லையோ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவளோடு அற்புதம்மாள் இரண்டு வருஷம் பேசவில்லை. இரண்டு வத்திதான். அதில் அவள் பிடிவாதம்.

நாற்பத்து மூன்று, சண்டைக் காலம். பெட்ரோலுக்குக் கூப்பன், டயருக்குப் பஞ்சம், பஸ்ஸெல்லாம் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சுவாங்கிக்கொண்டு ஓடின காலம். வக்கீலுக்கு முழங்கால் போய்விட்டதால் கோர்ட்டுக்குப் போக அந்தப் பழைய செவர்லேயைத்தான் விடாமல் வைத்திருந்தார். புது டிரைவர் ஒருத்தன் கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினான். கட்டை நெடுக விரிசல் விட்டது. இனி ஒட்டிப் பிரயோஜனமில்லை, எஞ்சினையே மாற்ற வேண்டும். புது எஞ்சினுக்கு எங்கே போவது? துறையூர் லைனில் ஓடுகிற டிரைவர்களிடமெல்லாம் சவரிநாதன் சொல்லிவைத்தார். ஒரு மாசம் கழித்து உப்பிலியபுரத்திலிருந்து கார்டு வந்தது. சின்னையன் என்று ஒரு பஸ் முதலாளி, ஓடாமல் நிற்கிற பஸ்ஸில் இருக்கிற செவர்லே எஞ்சினைக் கொடுக்கத் தயார் என்று எழுதியிருந்தார். நெல் மூட்டை ஏற்றிவந்த லாரியில் எஞ்சினும் வந்து இறங்கியது.

சவரிநாதன் நம்பரைத் துடைத்துச் சாக்கட்டி தேய்த்தார். முப்பத்திரண்டாம் வருஷத்துச் சரக்கு, பஸ்ஸுக்கு வந்தது, வக்கீல் வண்டிக்கு அச்சாகப் பொருந்தும். வக்கீலின் பழைய எஞ்சினைக் கழற்றிப் பெஞ்சின் ஒரு பக்கம் கவிழ்த்துப் போட்டிருந்தது. இதையும் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டார். வேறு ஒருத்தர் கையில் ஓடின எஞ்சினை வயிற்றைத் திறந்து பார்க்காமல் அவர் மாட்டுவதில்லை. அடித் தகட்டைக் கழற்றி எண்ணெயைத் துடைத்தார்.

முதல் மூடியின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி. அது உருண்டையாக இல்லை. உளி சாய்ந்து விழுந்து, வேப்பங்கொட்டை மாதிரி ஒரு பக்கம் நீண்டிருந்தது. அடுத்த மூடியில் அதே மாதிரி இரண்டு. மூன்றாவதில் மூன்று. எல்லாம் இடது ஓரத்தில். இடது கையால் தட்டினால்தான் உளி அப்படிச் சாயும்.

அதோடு இன்னொன்று இருந்தது. மூடியில் மட்டும் இல்லை, மூடிக்கு நேர் எதிரே எஞ்சின் கட்டையிலும் அதே புள்ளி. மூடியில் ஒன்று இருந்தால் கட்டையிலும் ஒன்று, அங்கே இரண்டென்றால் இங்கேயும் இரண்டு. புள்ளியும் புள்ளியும் மூஞ்சியோடு மூஞ்சி பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு குருடனைக் கூப்பிட்டு மூடச் சொன்னாலும் விரலால் தடவிப் பார்த்துச் சரியாக மூடிவிடுவான்.

தம்பி உயிரோடு இருக்கிறான். நாற்பது மைலுக்குள்ளே இருக்கிறான். அதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. இடது பக்கத்தில் போய் வைத்திருக்கிறானே, முட்டாள் பயல் என்று சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. திரும்பி, பக்கத்தில் கிடந்த வக்கீலின் பழைய எஞ்சினைப் பார்த்தார். மண்ணெண்ணெயை ஊற்றி அதன் மூடிகளைத் தேய்த்தார். வலது ஓரத்தில் அவருடைய புள்ளிகள், ஆத்திரத்தில் ஓங்கித் தட்டினவை, ஆழமாக இருந்தன. இடது ஓரத்தில், ஏழு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்குக்குக் கீழே, ஒன்று, இரண்டு, மூன்று என்று வேப்பங்கொட்டைகள்.

பிலோமின் இடது பக்கம் குறி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவர் அந்தப் புள்ளியை வலது பக்கம் வருகிறபடி திருப்பி, பார்த்துப் பார்த்து, மூன்று மூடியையும் மாற்றிப் போட்டு இறுக்கியிருக்கிறார். இறுக்கமாக இருந்தது பேரிங் புதுசு என்பதால் இல்லை. பாலத்தில் வண்டி நின்றதும் அந்தக் குழந்தை போனதும் அவர் கையால்தான். மெட்டல் ஊற்றுகிறதில் ஜில்லாவுக்கே பெரிய ஆள் என்று பேர், சாக்கின் மேல் கிடந்த மூன்று மூடியைத் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை. சவரிநாதன் தரையில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கையால்தான் அறைந்தோம் என்பது நினைவுக்கு வந்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் முதல் கரி பஸ்ஸில் துறையூருக்குப் போய், அங்கிருந்து உப்பிலியபுரம் போனார். அற்புதம்மாளிடம் எஞ்சின் விஷயமாகப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். கூட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்திவிட்டுத்தான் மற்றதைச் சொல்வது என்று எண்ணம். அவன் காலில் விழுந்தால்கூடத் தப்பில்லை, தம்பியானால் என்ன என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார். என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, தப்பு என்னுதுடா என்கிற ஒரு வார்த்தையில் வந்து நின்றார். அது போதும், அவன் சிரித்துவிடுவான், அவனுக்குச் சிரிக்கத்தான் தெரியும்.

சின்னையன் நல்ல மனுஷர். களத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, நாற்காலி போடச் சொல்லி, மோர் கொடுத்தார். எஞ்சினில் ஏதாவது குறையா என்று பதறினார். குறை ஒன்றுமில்லை, பேரிங் வேலை பார்த்தது யார் என்று தெரிந்தால் தேவலை என்றார் சவரிநாதன்.

ராஜு மேஸ்திரி என்று ஒருத்தன், முப்பத்தெட்டில் வந்தான் என்றார் சின்னையன். இடது கைக்காரன். தங்கமான கை. நாலு வருஷம் இரண்டு பஸ்ஸையும் அவன்தான் ஓட வைத்தான். ஊர் எது, உறவு யார் என்று கேட்டால் சிரிப்பான். எஞ்சினை எப்போதாவது கொடுக்கிறதாக இருந்தால் மன்னார்புரம் சவரிநாதன் ஷெட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும், அவரைவிட வேலை தெரிந்தவர் யாரும் இல்லை என்று அவன்தான் சொல்லிவைத்திருந்தான். உங்கள் பேர் காதில் விழுந்ததும் அதுதான் ஞாபகம் வந்தது, கார்டு போட்டேன்.

சொல்லிக்கொண்டே வந்தவர் அடுத்ததையும் அதே குரலில் சொன்னார். போன ஐப்பசி மழையில் மலைக்காய்ச்சல் வந்தது. சண்டை வந்ததிலிருந்து கொயினா மருந்து எங்கேயும் கிடைக்கவில்லை, துறையூரில் தேடி, நாமக்கல்லுக்கும் ஆள் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் போய்விட்டான். கழுத்தில் மாதா சுரூபம் கிடந்தது, வேதக்காரன் என்று தெரியும், அதனால் எரிக்கவில்லை, நம்ம காட்டு ஓரத்திலேயே புதைத்தேன்.

சவரிநாதன் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். அழவில்லை. எதற்கென்று தெரியாமலே, அந்தக் குறியை இரண்டு இடத்தில் ஏன் வைத்தான் என்று கேட்டார்.

"அதை நானும் கேட்டேங்க. மூடியில வச்சாப் போதாதா, கட்டையில எதுக்குன்னு. எங்கண்ணன் வந்து மூடினாலும் தப்பு வரக் கூடாதுங்க, அவர் மேல பழி வந்துடும்னான். அண்ணன் யாருன்னு கேட்டா அதுக்கும் சிரிப்புத்தான்." சின்னையன் அவர் முகத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தார். "நீங்க அவனுக்கு என்னங்க வேணும்?"

"நான்தாங்க மூடினது" என்றார் சவரிநாதன்.

சின்னையன் அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். ஆமணக்குச் செடிகளுக்கு நடுவே ஒரு மண்மேடு. நட்டுவைத்த மரச்சிலுவையைக் கரையான் தின்று ஒரு குச்சி மட்டும் நின்றது. வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த அந்த ஒரு வார்த்தையை அவர் அந்த மண்ணிடம் சொன்னார். ஒரு தடவை சொல்லிவிட்டு, கேட்டிருக்காதோ என்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது, ஆள் தாங்கவில்லை, சின்னையன் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அற்புதம்மாள் எஞ்சின் விஷயம் முடிந்ததா என்று கேட்டாள். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. முடிந்தது என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த வருஷம் மெழுகுவத்தி மூணு வாங்கணும் என்றார். அவள் அடுப்பில் இருந்த சோற்றை இறக்கிவைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

எஞ்சினை மூடுகிற வேலை பாக்கி இருந்தது. தம்பி ஊற்றின மெட்டலில் கத்தி வைக்க ஒரு இடம்கூட இல்லை, அவ்வளவு சுத்தம். மூடிகளைக் கழுவி, கட்டையில் இருந்த புள்ளிக்கு மூடியில் இருந்த புள்ளியை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்து, நேர் எதிராக வைத்து இறுக்கினார். கிராங்கை ஒரு கையால் சுற்றினார். வெண்ணெயாகச் சுற்றியது. எஞ்சினைத் தூக்கி வக்கீல் வண்டியில் உட்காரவைத்து மாட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. தன் குறியை அதில் அவர் வைக்கவில்லை.

வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டி, கீழச்சித்திரை வீதியில் போய் நிறுத்தினார். வக்கீல் தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வைஜயந்தி அப்பாவுக்குத் துணையாக அங்கேயே இருந்தாள், அவளும் நிலைப்படியில் வந்து நின்றாள். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத மாதிரி மெத்தென்று ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா. யார் பார்த்த வேலை இது, சவரி?"

கேட்டவருக்கு ஞாபகம் இல்லை. கேட்கப்பட்டவருக்கு இருந்தது.

"தம்பி பார்த்ததுங்க, சாமி."

வந்துட்டானா என்று வக்கீல் கேட்பதற்குள் சவரிநாதன் மற்றதையும் சொல்லிவிட்டார். முப்பத்தாறில் தம்பி பார்த்த வேலை சரியாக இருந்தது, அதைத் திருப்பி மூடிக் கெடுத்தது நான், இன்றைக்கும் மூடினது நான்தான், ஆனால் தப்பாக மூட எனக்கு வழி இல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார். புள்ளியையும் ஓரத்தையும் எல்லாம் விளக்கினார். வக்கீல் கோர்ட்டில் சாட்சியைக் கேட்கிற மாதிரி குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் பானெட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

பேசினது வைஜயந்திதான்.

"ஏழு வருஷமா அந்த மனுஷனை நான் சபிச்சுண்டிருக்கேன்" என்றாள். "தெனமும் பெருமாளைச் சேவிக்கறச்சே சபிச்சிருக்கேன். அவர் எங்கேயாவது நன்னா இருக்காரோல்லியோ?"

சவரிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். இல்லீங்கம்மா என்றார்.

அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வக்கீல் தடியைப் பிடித்தபடி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக அளந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.